வலிப்பு வாங்கிய செவலை

ஜூன் 6, வெள்ளி

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். தூக்கம், மாத்திரை, கை வெட்டி இழுத்ததா இல்லையா, இவ்வளவுதான் அவர் கேட்டது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும். ஆனால் ஒரு வேலையை எடுத்துவிட்டு அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. நடந்ததையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை, மைசூர்ப் பக்கமிருந்து மாடு ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினேன். வழியெல்லாம் லாரியில் சரியான உறக்கமில்லை. வாசலில் நின்று பல் விளக்கினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மண்ணில் ஒருக்களித்துக் கிடக்கிறேன், சுகந்தி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என் பேரைச் சொன்னது அன்றைக்குத்தான். நாக்கு கடிபட்டிருந்தது. வேட்டி நனைந்திருந்தது. இருபத்தாறு வயதில் பெண்டாட்டி முன்னால் வேட்டி நனைந்து கிடந்தேன் என்று எழுதுவதற்கு நன்றாக இல்லை. இருந்தாலும் நடந்தது அதுதான்.

கோயம்புத்தூரில் தலை முழுக்கக் கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். வலிப்பு என்றார்கள்.

“காலைல எழுந்ததும் கை திடீர்னு வெட்டி இழுக்குமா? பிடிச்சிருக்கிற பொருள் தெறிச்சு விழுமா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

“இருக்குதுங்க டாக்டர்” என்றாள் சுகந்தி. “எங்கூட்டுல நெளியாத சொம்பு ஒண்ணுகூட இல்லீங்க. இவருக்குக் காபி குடுத்தா நான் ரெண்டடி தள்ளித்தான் நிப்பேன்.”

அது தூக்கக் கலக்கம் என்றுதான் மீசை முளைத்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் வலிப்புதானாம். பெரியதற்குச் சின்னத் தம்பி.

மாத்திரையில் நன்றாக அடங்கும் என்றார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஒரு வேளைகூட விடக்கூடாது. தூக்கம் கெடக்கூடாது. வண்டி ஓட்டக்கூடாது. கிணற்றில் இறங்கக்கூடாது. குடிக்கக்கூடாது.

“என்ன தொழில்?”

“மாட்டு யாவாரமுங்க.”

“ராத்திரில அலையணுமா?”

“ராத்திரி அலைஞ்சாத்தாங்க அது யாவாரம்.”

“அப்ப யாவாரம் பண்ற விதத்தை மாத்திக்குங்க” என்றார். சட்டையை மாற்றிக்கொள் என்பது போலச் சொன்னார்.

ஜூன் 8, ஞாயிறு

தூக்கம் உண்டு. மாத்திரை உண்டு. காலையில் கை ஒரு தரம் வெட்டியது. சீப்பு விழுந்தது. சீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வண்டிச் சாவி சுகந்தியிடம். கேட்டவர்களிடம் வண்டி பட்டறையில் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். வலிப்பு விஷயம் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. லாரியில் இருந்து மாடு இறக்கிவிடுகிற ஆளாகத்தான் வேலம்பட்டிச் சந்தைக்குள் நுழைந்தேன். இன்றைக்கு அதே சந்தையில் எனக்கென்று கட்டுத்தறி இருக்கிறது. யாரும் தூக்கிவிடவில்லை. என் கண்ணும் கையும்தான். மாட்டை ஒரு நோட்டம் பார்த்தால் பல் பார்க்காமலே வயசு சொல்லுவேன்.

சுகந்தி இப்போதெல்லாம் என் இரண்டு கையையும் சேர்த்து நீட்டச் சொல்லிச் சொம்பைத் தருகிறாள். கோயிலில் பிரசாதம் வாங்குவது மாதிரி இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

சந்தை. டாக்டரம்மா எப்போதாவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். தரகர் தன் கையின்மேல் துண்டைப் போடுவார். வாங்குகிறவன் துண்டுக்குள் கையை விட்டு அவர் விரலைப் பிடித்து அமுக்க வேண்டும். ஒரு விரலுக்கு இத்தனை ஆயிரம் என்று கணக்கு, எத்தனை விரலோ அதுதான் விலை. பிறகு அவர் விற்கிறவனிடம் போய் அதே துண்டுக்குள் பேசுவார். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை மூன்று பேருக்குத்தான் தெரியும். அமுக்கியதை மாற்ற முடியாது. விரலில் சொன்னதை மாற்றுகிறவனுக்கு அதன்பின் யாரும் துண்டு விரிக்க மாட்டார்கள்.

எங்கள் சந்தையில் பெரிய தரகர் அய்யாசாமி மாமா. இன்றைக்கு ஒரு செவலைப் பசுவுக்கு அவர் துண்டில் கை வைத்தேன். மூன்று விரல் பிடிக்கத்தான் போனேன். அவர் கை முழுவதையும், ஐந்து விரலையும் பிடித்துவிட்டேன்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். “முடிச்சுக்கலாமா மாப்ளே?” என்றார். யாரிடமும் அவர் இப்படித் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“முடிச்சுக்கலாமுங்க மாமா” என்றேன்.

விலை கொஞ்சம் கூடத்தான். மாடு நல்ல மாடு. அதனால்தான் கூடப் போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

செவலை உதைக்கிறது. பால் குண்டா வேலி தாண்டிப் போய் விழுந்தது. “ஏனுங்க, இத எதைப் பாத்துங்க வாங்குனீங்க?” என்றாள் சுகந்தி. மாட்டைப் பார்த்துத்தான் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாத்திரை போட்டால் நாள் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போல ஒரு மயக்கம். எதிரில் இருப்பவன் சொல்வது ஒரு நொடி தாமதமாகக் காதில் விழுகிறது. மற்ற நாளில் பரவாயில்லை. சந்தை நாளில் அந்த ஒரு நொடியில் மாடு கை மாறிவிடும். வியாழக்கிழமை காலை மாத்திரையை மட்டும் வீடு திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். ஒரு வேளை தள்ளிப் போடுவது விடுவது ஆகாது.

ஜூன் 19, வியாழன்

இன்றைக்கு நடந்தது யாவாரம். குப்பண்ணன் எங்கள் சந்தையில் பழைய கை. அவர் கட்டுத்தறியில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக இரண்டு சாம்பல் நிற மயிலைக் காளைகள் நின்றன. இரண்டு இடத்தில் வாங்கியவை என்பதால் தனித்தனியாகக் கட்டியிருந்தார். தண்ணீர் காட்ட அவிழ்த்து ஓட்டியபோது பார்த்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே காலை எடுத்து வைத்தன. கொம்பும் ஒரே சாய்வு. பிறவி ஜோடி. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் மூஞ்சியில் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டையும் ஜோடி விலைக்கில்லாமல் உதிரி மாடு விலைக்கே கேட்டேன். மாமாவின் துண்டுக்குள் என் விரல் கல் மாதிரி நின்றது. குப்பண்ணன் தன் தோள் துண்டை உதறிக்கொண்டு, “ஓட்டிக்கிட்டுப் போ, இடம் காலியாகட்டும்” என்றார்.

வீட்டுக்கு வந்து காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னது சரிதான்.

ஜூன் 28, சனி

வியாழக்கிழமை நடந்ததில் பாதி எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொன்னதை எழுதுகிறேன்.

வழக்கம்போல விடியுமுன்னே லாரியில் போய் இறங்கி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதுவரை எனக்கு நினைவிருக்கிறது. டீ கிளாஸ் பறந்து போய்க் கடைக்காரர் தோளில் பட்டதாம். பிறகு நான் விழுந்தேனாம். சந்தையே கூடிவிட்டது. லாடம் அடிப்பவர் ஓடி வந்து என் கையில் ஒரு லாடத்தைத் திணித்திருக்கிறார். ஒன்று போதவில்லை என்று அடுத்த கையிலும் ஒன்று. லாரி டிரைவர் மணியன்தான் சுகந்திக்குப் போன் போட்டவன். அவள் போனிலேயே கத்தியிருக்கிறாள்.

“ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. கையில என்ன குடுத்திருக்கீங்க?”

“லாடமுங்க அக்கா.”

“அவரு என்ன வண்டி மாடா? அதை எடுத்துத் தூர வீசுங்க.”

வீசவில்லை. எனக்கு நினைவு வந்தபோது இரண்டு கையிலும் லாடம் இருந்தது. வலது உள்ளங்கை கிழிந்து மூன்று தையல். என்னைச் சுற்றி நின்ற முகங்களில் நான் விலை பேசாத முகம் ஒன்றுகூட இல்லை.

டாக்டரம்மாவிடம் சுகந்தி மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். “வியாழக்கிழமை வலிப்புக்கும் லீவுன்னு நினைச்சீங்களா?” என்றார் டாக்டரம்மா. மயக்கம் வருவதைச் சொன்னேன். அதை என்னிடம் முன்னாடியே சொல்லியிருந்தால் அளவை மாற்றித் தந்திருப்பேனே என்றார். மாற்றித் தந்திருக்கிறார்.

ஜூலை 3, வியாழன்

சந்தைக்குப் போகவில்லை. கை தையல் என்று சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமைகளில் மூச்சு விட விடாமல் அடிக்கிற போன் இன்றைக்கு ஒரே ஒரு தரம் அடித்தது. மணியன்.

“அண்ணா, கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்கண்ணா. எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாருடா?”

“எல்லாருந்தாங்கண்ணா.”

தூக்கம் இல்லை. மாத்திரை உண்டு.

ஜூலை 5, சனி

குப்பண்ணன் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். உடம்பை விசாரித்தார். காபி குடித்தார். கண் மட்டும் கொட்டகையில் நின்ற மயிலை ஜோடி மேலேயே இருந்தது. ரேக்ளா பந்தய வண்டி ஓட்டுகிற ஒருவர் போன வாரம் வந்து ஜோடியை நடக்க விட்டுப் பார்த்துவிட்டு, நல்ல விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். அது அவர் காதுக்கு எட்டிவிட்டது.

“பூபதி, அந்தப் பேரத்தைக் கலைச்சுக்கலாம்” என்றார். “குடுத்த பணத்தை அப்படியே வாங்கிக்க.”

“எதுக்குங்கண்ணா?”

“பேரம்னா ரெண்டு பக்கமும் புத்தி நெதானத்துல இருக்கோணும். அன்னைக்குத் துண்டுக்குள்ள உன்ற கை உன்ற கையா இருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? ஒடம்பு சரியில்லாத புள்ளைகிட்ட யாவாரம் பண்ணிட்டேன்னு எனக்கும் மனசு அடிச்சுக்குது.”

அவர் மனசு எதற்கு அடித்துக்கொள்கிறது என்று எனக்குத் தெரியும். ஜோடியைத் தர முடியாது என்றேன்.

“அப்ப வர்ற வியாழன் புளியமரத்தடியில வெச்சுப் பேசிக்கலாம். நாலு பேரு சொல்லட்டும்” என்று எழுந்தார்.

அவர் போனதும் சுகந்தி ஆப்பிளைக் கழுவிக்கொண்டே, “குடுத்துத் தொலைச்சுட்டா என்னங்க?” என்றாள்.

ஜோடி போனால் போகட்டும். அதில்லை விஷயம். இதைத் திருப்பிக் கொடுத்தால் என் கையில் புத்தி இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு விலை ஏறின மாட்டையெல்லாம் ஆளாளுக்கு வந்து திருப்பிக் கேட்பார்கள். புதிதாக எவனும் துண்டு விரிக்க மாட்டான். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

அவள் ஆப்பிளைத் துடைத்துத் தட்டில் வைத்தாள். பிறகு, “அந்தச் செவலையை எப்படி வாங்குனீங்க?” என்றாள்.

தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

தூக்கம் உண்டு. மாத்திரை இரண்டு வேளையும். கை வெட்டவில்லை. மயக்கம் குறைந்திருக்கிறது.

ஜூலை 9, புதன்

செவலை மறுபடி உதைத்தது. இந்த முறை குண்டாவைப் பிடித்திருந்தவன் நான். முழங்காலில் நல்ல அடி. உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் இதை வாங்கவே இல்லை. எழுதியும் ஆயிற்று.

ஜூலை 10, வியாழன்

முதல் தடவையாக வெளிச்சம் வந்த பிறகு சந்தைக்குப் போனேன். நன்றாகத் தூங்கி, மாத்திரை போட்டு, இட்லி தின்று, பஸ்ஸில். பஸ் நிறுத்தம் வரைக்கும் சுகந்தி வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டாள். வழியில் பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

நல்ல மாடெல்லாம் போயிருந்தது. ஆட்கள் புளியமரத்தடியில் இருந்தார்கள். குப்பண்ணன் ஆரம்பித்தார்.

“பூபதி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. என்ற தம்பி மாதிரி. ஆனா அவனுக்கு இருக்கிற சீக்கு ஊருக்கே தெரியும். அன்னைக்கு எம்பட காளைக்கு அவன் அமுக்குனது வெலையா வலிப்பான்னு நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?”

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நியாயமான கேள்விதான். அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் ஆட்டியிருப்பேன்.

“அதைக் கேக்க ஆளு இருக்குதுங்கண்ணா” என்றேன். “மாமா, துண்டு உங்க துண்டு. மொதல்ல அந்தச் செவலைக்குச் சொல்லுங்க. அதுக்கு உங்க கையை அமுக்குனது யாரு?”

அய்யாசாமி மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “வேண்டாம் மாப்ளே” என்றார் மெதுவாக.

“சொல்லுங்க மாமா. நானே கேக்கறேன்.”

“அது நீயில்ல” என்றார். “இத்தனை வருசமா நீ பிடிக்கிற பிடி எனக்குத் தெரியும். அது வெடுக்குனு வந்த பிடி. அதனாலதான் முடிச்சுக்கலாமான்னு திருப்பிக் கேட்டேன். நீ முடிச்சுக்கலாமுன்னுட்டே. அதுக்கு மேல நான் என்ன பண்றது?”

“ஜோடிக்கு?”

“அது நீயேதான். மூணு வெரலைப் பிடிச்சே. விட்டே. நான் ஒதறுனேன். காலை மாத்தி நின்னுட்டு மறுபடி அதே மூணு. கட்டாதுன்னு அப்புறமும் நான் ஒதறுனேன். எங்கியோ பாத்துக்கிட்டு அதே மூணு. வலிப்புக்கு அத்தனை யாவாரம் தெரியாதப்பா.”

யாரோ சிரித்தார்கள். நான் குப்பண்ணன் பக்கம் திரும்பினேன்.

“கேட்டுக்கிட்டீங்களாண்ணா? வலிப்பு வாங்குன மாட்டுக்கே பேசுன பணத்தைக் குடுத்துப்போட்டு, வாயை மூடிக்கிட்டு ஓட்டிக்கிட்டுப் போனவன் நான். அது தினமும் என்னைய ஒதைக்குது. நானே வாங்குன மாட்டையா திருப்பிக் கேக்கறீங்க?”

அதற்கு மேல் அங்கே பேச ஒன்றுமில்லை. குப்பண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார். ஜோடி என்னுடையது.

ஆனால் இதையும் எழுத வேண்டும். அதன்பிறகு மத்தியானம் வரை நான் சந்தைக்குள் நடந்தேன். இரண்டு மாடு கேட்டேன். இரண்டு தரகர்களுமே, “பாத்துக்கலாம் தம்பி” என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். நான் ஜெயித்ததை எல்லாரும் பார்த்தார்கள். என் கை சில சமயம் என் கை இல்லை என்பதையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். அதைச் சொன்னது நான்தான்.

கிளம்பும்போது அய்யாசாமி மாமா கூப்பிட்டார். நாலைந்து தரகர்கள் இருந்தார்கள்.

“இதைக் கேட்டுக்குங்கப்பா. இனி பூபதி ஒரு தரம் அமுக்குனா அது கணக்குல இல்லை. விட்டுப்போட்டு மறுக்கா அமுக்கோணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா வெலை. இல்லாட்டி இல்லை. இதுல ஆருக்காச்சும் நட்டமா?”

நட்டமில்லை என்று தரகர்கள் தலையாட்டினார்கள். எனக்குத்தான் முகம் சுட்டது. வாசலில் விழுந்தபோதுகூட அப்படிச் சுடவில்லை. எனக்கென்று ஒரு தனி வழக்கமா, நொண்டி மாட்டுக்குத் தனித் தொட்டி வைப்பது போல?

வீட்டில் வந்து அதைத்தான் சொன்னேன். சுகந்தி, “நானுந்தான் சொம்பை ரெண்டு கையில குடுக்கறேன். காபி வேண்டாம்னா சொல்லிட்டீங்க?” என்றாள்.

ஜூலை 17, வியாழன்

ரேக்ளாக்காரர் ஜோடியை ஓட்டிப்போனார். வாசல் தாண்டும்போது இரண்டும் ஒரே காலை எடுத்து வைத்தன.

சந்தைக்குப் போனேன். பேரம் எதுவும் இல்லை. மாமா மட்டும் டீ வாங்கிக் கொடுத்தார், கிளாஸில் அல்ல, எவர்சில்வர் டம்ளரில். கடைக்காரர் ஏற்பாடாம்.

ஜூலை 24, வியாழன்

இரண்டு அமுக்கில் முதல் மாடு வாங்கினேன். கன்றோடு ஒரு கறுப்பு. முதல் தரம் அமுக்கினேன், விட்டேன்; தரகர் அதை விற்பவனின் விரலில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். விட்டதற்கும் மறுபடி பிடிப்பதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருக்கிறதல்லவா, அப்போது விற்பவனின் முகத்தைப் பார்த்தேன். முதல் அமுக்கிலேயே அவன் தோள் தளர்ந்துவிட்டது. ஒத்துக்கொண்டான் என்று தெரிந்துவிட்டது. பேசாமல் அதையே மறுபடி அமுக்கினேன்.

நான்கு வருஷ யாவாரத்தில் இந்த நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை. மற்றவர்களுக்கு இன்னமும் இல்லை. இதை வெளியில் சொல்லப்போவதில்லை.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் கை லேசாக ஒரு தரம் வெட்டியது. டாக்டரம்மாவிடம் சொன்னேன், மறைக்கவில்லை. ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்றார். சொன்னேன். அதான் என்றார். மைசூர்ப் பக்கம் இனி மணியன் போகிறான். மாட்டை வீடியோவில் நடக்க விட்டுக் காட்டுவான். நடையைப் பார்த்தால் எனக்குப் போதும். அவனுக்குப் பங்கு. என்னுடைய லாபத்தில் கொஞ்சம் குறையும். தூக்கத்துக்கு விலை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

குப்பண்ணன் என் கட்டுத்தறிக்கு வந்தார். கறுப்பையும் கன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தரகரைக் கூப்பிடவில்லை. தன் துண்டையே எடுத்து என் கைமேல் போட்டார். அவரோடு எனக்குப் பேரம் நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அவர் விரல் ஜில்லென்றிருந்தது. லேசாக நடுங்கவும் செய்தது. சர்க்கரை வியாதி என்று கேள்வி. இரண்டு விரல் பிடித்து அமுக்கினார்.

“இன்னொரு தரம் அமுக்குங்கண்ணா” என்றேன்.

“எனக்கு எதுக்குடா? அந்த வழக்கம் உனக்குத்தானே?”

“துண்டு ஒண்ணுதானுங்களே. வழக்கமும் ஒண்ணா இருக்கட்டும்.”

என்னை முறைத்தார். பிறகு மறுபடி பிடித்தார். இந்த முறை மூன்று விரல்.

சுற்றிலும் ஆட்கள். துண்டுக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது. நான் சரி என்று முடித்திருந்தால் முடிந்தது. விரலில் சொன்னது சொன்னதுதான்.

“அண்ணா” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “இது நீங்களா?”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு விரலை விட்டு, இரண்டாகப் பிடித்து அமுக்கினார். மறுபடி விட்டு, மறுபடி இரண்டு.

இரண்டுக்கு எனக்குக் கட்டும். முடித்துக்கொண்டேன்.

தூக்கம் உண்டு. மாத்திரை இரண்டு வேளை. கை வெட்டவில்லை. செவலை இன்றைக்கு உதைக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.